அறுபத்தெட்டாயிரத்து நாற்பதில் ஒருத்தி

ஆரணி
3.12.2025

சத்யப்ரியாவுக்கு ஆதிலட்சுமி எழுதுவது.

போனிலேயே சொல்லியிருக்கலாம். போன் போட்டால் உன் குரலுக்குப் பின்னால் குழந்தை அழும். அது என் காதில் விழ வேண்டாம். அதனால்தான் கடையில் பேப்பர் வாங்கி எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து. தப்பு இருந்தால் காலேஜ் படித்தவள் நீ திருத்திப் படித்துக்கொள்.

உன் வீட்டுக்காரர் முத்துவேல் குடும்ப குரூப்பில் ஒன்று போட்டிருந்தாரே, அதைப் பற்றித்தான். என் நிலா ஐப்பசியில், பௌர்ணமியில், அசுவினி நட்சத்திரத்தில், புதன்கிழமை பிறந்தவள். உன் பாப்பாவும் ஐப்பசி, பௌர்ணமி, அசுவினி, புதன். நாலும் சேர்ந்து வருவது அறுபத்தெட்டாயிரத்து நாற்பதில் ஒன்றாம். "அண்ணி, அழாதீங்க. நிலா நம்ம வூட்டுக்கே திரும்பி வந்துட்டா" என்று எழுதி, கீழே பலூன் படம். பெரணமல்லூர் சித்தப்பா வீடு வரைக்கும் எல்லாரும் கும்பிடு போட்டிருந்தார்கள். நான் குரூப்பை விட்டு வெளியே வந்துவிட்டேன். கோபத்தில் கை தவறிவிட்டதாக நினைக்காதே. தெரிந்துதான் வந்தேன்.

தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டே நானும் கணக்குப் போட்டேன். மாதம் பன்னிரண்டு. திதி முப்பது. நட்சத்திரம் இருபத்தேழு. கிழமை ஏழு. கூட்டினால் எழுபத்தாறு. எழுபத்தாறில் ஒன்று என்றால் எங்கள் தெருவிலேயே ஒன்று பிறக்கும். தம்பிக்கு அறுபத்தெட்டாயிரம் எங்கிருந்து வந்தது?

போன வாரம் அத்தை ஆரணிக்கு வந்திருந்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிவிட்டு, "அழுவாத ஆதி. உன் பொண்ணு எங்கயும் போவல. சத்யா மடியில படுத்துகினு காலாட்டிகினு இருக்கா" என்றார்கள். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார்கள். எனக்கு அந்த இடத்திலேயே வயிறு பற்றிக்கொண்டது.

ஏன் என்று சொல்கிறேன், கேள். என் பெண் செத்துப்போனாள் என்பதை நான் எப்படியோ விழுங்கிக்கொண்டு வந்தேன். இப்போது, செத்துப்போகவில்லை, உன்னிடம் போய்விட்டாள் என்கிறார்கள். ஆறு வருடம் தலை வாரிவிட்டவள் நான். நாலு நாள் காய்ச்சலில் என் மடியில்தான் கண்ணை மூடினாள். திரும்பி வருகிறவளுக்கு என் வயிறு தெரியவில்லையா? வழி மறந்துபோனாளா? நல்ல நாளிலேயே, "சித்தி வெச்சா ரசம் நல்லா கீது, நீ வெச்சா புளிக்குது" என்பாள். அப்போது சிரித்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வாயில் வைத்துக்கொள்ள முடியவில்லை. நிலா போனது தை மாதம். உனக்குப் பிரசவம் ஐப்பசியில். எனக்குச் சோறு இறங்காமல் கிடந்த நாட்களில் உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று கணக்குப் போட எனக்குப் படிப்பு தேவைப்படவில்லை.

தையில் தொட்டில் போட்டுப் பெயர் வைக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். வேறு என்ன பெயர் வேண்டுமானாலும் வை. நிலா என்று வைக்கக் கூடாது.

ஆதிலட்சுமி


சந்தவாசல்
11.12.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. தபால்காரர் கையில் கொடுத்ததும் அத்தை, "ஆரு எழுதினது?" என்று எட்டிப் பார்த்தார்கள். காலேஜ் தோழி என்று சொல்லிவிட்டேன். முழுதும் படித்தேன். உங்கள் கடைசிக் கணக்குக்கு நான் பதில் எழுதப்போவதில்லை. எழுதினால் இரண்டு பேருக்கும் அசிங்கம்.

நட்சத்திரக் கணக்கைக் கூட்டக் கூடாது அக்கா, பெருக்க வேண்டும். புடவையை வைத்தே சொல்கிறேன். உடல் கலர் பன்னிரண்டு, பார்டர் கலர் முப்பது இருக்கிறது. எத்தனை விதமாய் நெய்யலாம்? நாற்பத்திரண்டு இல்லை. ஒவ்வொரு உடலுக்கும் முப்பது பார்டரையும் போட்டுப் பார்க்கலாம், ஆக முந்நூற்று அறுபது விதம். அதில் ஒவ்வொன்றுக்கும் முந்தானை இருபத்தேழு மாதிரி, ரவிக்கை ஏழு மாதிரி என்றால் அறுபத்தெட்டாயிரத்து நாற்பது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை ஒன்றாய் அமைய வேண்டும் என்றால் இப்படித்தான் பெருக்குவார்கள். அவர் போனில் போட்ட பெருக்கல் சரிதான்.

பெயரைப் பற்றி. அத்தையும் அவரும் நிலா என்று முடிவு செய்துவிட்டார்கள். ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை. பெரியவள் நீங்கள், உங்கள் சம்மதம் வேண்டும் என்று என்னை எழுதச் சொன்னார்கள். எழுதிவிட்டேன்.

பாப்பா நன்றாக இருக்கிறாள். நேற்று அத்தை பரண்மேல் இருந்த நிலாவின் கிலுகிலுப்பையை எடுத்து ஆட்டினார்கள். பாப்பா தலையைத் திருப்பினாள். "பாத்தியா, அவ சாமான் அவளுக்கு அடையாளம் தெரியுது!" என்று அத்தை கத்த, தெருவே வந்துவிட்டது. எந்தக் கிலுகிலுப்பையை ஆட்டினாலும் குழந்தை திரும்பும்தானே அக்கா. நான் அதைச் சொல்லவில்லை. அடுப்பில் வேலை இருந்தது, உள்ளே போய்விட்டேன்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சத்யா


ஆரணி
20.12.2025

சத்யாவுக்கு,

பெருக்கலைப் புரிந்துகொண்டேன். புடவையை வைத்துச் சொன்னதால் புரிந்தது. புரிந்ததும் இன்னும் எரிந்தது. எழுபத்தாறு என்று நினைத்தபோது தூங்கினேன். அறுபத்தெட்டாயிரம் என்றதும் தூக்கம் போயிற்று.

ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் நின்றேன். நட்சத்திரத்துக்கும் பௌர்ணமிக்கும் சம்பந்தமில்லை என்று உனக்கு யார் சொன்னது?

எங்கள் வீட்டில் பழைய மாதக் காலண்டரைக் கழற்ற மாட்டோம், அதே ஆணியில் புதுசை மேலே மாட்டிவிடுவோம் என்று உனக்குத் தெரியும். நிலா பிறந்த வருடத்திலிருந்து எல்லாம் அடியில் இருந்தது. மொத்தமாக இறக்கி ஒவ்வொரு வருடமும் ஐப்பசிப் பௌர்ணமி எந்த நட்சத்திரத்தில் வந்தது என்று பார்த்தேன். பொடி எழுத்து தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் புஷ்பலதாவைக் கூப்பிட்டேன்.

"இன்னாக்கா, கல்யாணத்துக்கு நாள் பாக்கறியா?" என்றாள்.

"என் வயித்தெரிச்சலுக்கு நாள் பாக்கறேன். வாய மூடிகினு படி" என்றேன்.

அவள் படித்தாள். அசுவினி, பரணி, அசுவினி, ரேவதி, பரணி, அசுவினி, பரணி, இந்த வருடம் அசுவினி. அவ்வளவுதான். ரோகிணி வரவில்லை, மகம் வரவில்லை, சுவாதி வரவில்லை. ரேவதி, அசுவினி, பரணி, இந்த மூன்றுக்குள்தான் சுற்றுகிறது. ஐப்பசியும் பௌர்ணமியும் சேர்ந்துவிட்டால் நட்சத்திரம் தானாகப் பின்னால் வந்துவிடுகிறது. கார்த்திகைத் தீபத்துக்குக் கார்த்திகை வருகிற மாதிரி, தைப்பூசத்துக்குப் பூசம் வருகிற மாதிரி. இது தெரிந்த ஜனங்கள்தானே நாம். தெரிந்துகொண்டே நட்சத்திரத்தைத் தனிப் பெருமையாகப் பெருக்கினார் உன் வீட்டுக்காரர்.

உன் புடவையிலேயே சொல்கிறேன். அரக்கு உடலுக்கு இந்த மூன்று முந்தானைதான் போட வேண்டும் என்று முதலாளி முன்னமே சொல்லிவிட்டால் அப்புறம் இருபத்தேழு எங்கே இருக்கிறது? மூன்றுதான். புஷ்பலதா போனில் பெருக்கிச் சொன்னாள். ஏழாயிரத்து ஐந்நூற்று அறுபது. அறுபதாயிரத்தை ஒரே மத்தியானத்தில் உன்னிடமிருந்து பிடுங்கிவிட்டேன். அன்றைக்குத்தான் இரண்டு கரண்டி சோறு அதிகம் சாப்பிட்டேன்.

இன்னும் கொஞ்சம் பிடுங்குவேன். என் பெண் உன்னிடம் இல்லை என்று ஆகிற வரைக்கும் பிடுங்குவேன்.

இப்போது இன்னொரு விஷயம். செவ்வாய்க்கிழமை உன் மாமா போளூருக்கு யாரையோ பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றிப் போட்டார். துவைக்க எடுத்தேன். தோள்பட்டையில் பால் கக்கிய கறை. முகர்ந்து பார்த்தேன். சத்யா, கல்யாணமாகிப் பத்து வருடத்தில் அவர் சட்டையில் வேறு பொம்பளை வாசனை வந்திருந்தால்கூட நான் அப்படிச் சுருண்டிருக்க மாட்டேன். உன் குழந்தையின் வாசனை.

"எங்க போய் வந்த?" என்றேன்.

"போளூரு."

"போளூர்ல ஆரு உன் மேல பால் கக்கினாங்க?"

அவர் தறியில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் நெய்யவும் இல்லை.

அவரிடம் குழந்தையைக் கொடுத்து, "பெரியப்பாகிட்ட போ" என்று சொன்னாயா, "அப்பாகிட்ட போ" என்று சொன்னாயா? எதுவாக இருந்தாலும் இனிமேல் அவர் தோளில் உன் பிள்ளையைப் போடாதே. பெண்ணையும் எடுத்துக்கொண்டாய், இருக்கிற ஒருவரையும் எடுத்துக்கொள்ளாதே.

ஆதிலட்சுமி


சந்தவாசல்
2.1.2026

அக்கா,

இந்த முறை மரியாதைக்காக எதையும் மூடி எழுதப்போவதில்லை.

மாமாவிடம் குழந்தையை நான் கொடுக்கவில்லை. அத்தை கொடுத்தார்கள். "இந்தா தருமா, உன் பொண்ணு" என்று சொல்லிக் கொடுத்தார்கள். மாமா வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "நிலாம்மா, நிலாம்மா" என்று முதுகைத் தட்டினார். நான் அங்கேயேதான் நின்றிருந்தேன். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை வலிக்க வலிக்க உட்கார்ந்து பால் கொடுக்கிறவள் நான். ஒருத்தர் என்னைப் பார்க்கவில்லை.

நான் உங்கள் பெண்ணை எடுத்துக்கொண்டேன் என்கிறீர்கள். என் பெண்ணை நிலா எடுத்துக்கொண்டாள் அக்கா. தூங்கினால் நிலா மாதிரி தூங்குகிறாளாம். விக்கினால் நிலா மாதிரி விக்குகிறாளாம். என் பெண் அவளாகவே ஒன்றாவது செய்ய மாட்டாளா என்று நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நிலா உயிரோடு இருந்தபோதும் அவள்தான் இந்த வீட்டின் மூத்த பேத்தி, அவளுக்குத்தான் எல்லாம். சின்னக் குழந்தையோடு எனக்கென்ன போட்டி என்று அப்போது என்னையே திட்டிக்கொள்வேன். இப்போது இல்லாத குழந்தையோடு போட்டி. உங்களுக்கு மட்டும்தான் வயிறு எரிகிறது என்று நினைக்காதீர்கள்.

நீங்கள் காலண்டரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு நானும் யோசித்தேன். எனக்கு வலி வந்து, அவசரமாய் ஆபரேஷன் செய்தார்கள் என்று அத்தை உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அப்படி இல்லை. ஒன்பதாம் மாதம் பிபி ஏறிவிட்டது. வலிக்குக் காத்திருக்க வேண்டாம், நாள் குறித்து எடுத்துவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னார்கள். அந்த ஆஸ்பத்திரிக்கு மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் புதன்கிழமை மட்டும்தான் வருவார். இருபத்தொன்பதாம் தேதி புதன், இல்லாவிட்டால் அஞ்சாம் தேதி புதன், எது வேண்டும் என்று கேட்டார்கள். அத்தை கைப்பையிலிருந்து குட்டிக் காலண்டரை எடுத்துப் பார்த்தார்கள்.

"இருபத்தொம்பது அஷ்டமி வருது. வேணாம்மா. அஞ்சாம் தேதியே போட்டுக்கோ, பௌர்ணமி, நல்ல நாளு."

அவ்வளவுதான் அக்கா. புதன் டாக்டர் வைத்த புதன். அஷ்டமி வேண்டாம் என்றதும் மிச்சம் இருந்தது பௌர்ணமி. பௌர்ணமி வந்ததும் நீங்கள் சொன்ன மாதிரி நட்சத்திரம் பின்னால் வந்துவிட்டது. அறுபத்தெட்டாயிரமும் இல்லை, ஏழாயிரமும் இல்லை. இரண்டில் ஒன்றுகூட இல்லை. இருந்தது ஒரே ஒரு நாள், அதில் பிறந்தாள். அத்தை ஏமாற்றவில்லை. நாளைச் சொன்னது தான்தான் என்பதே அவர்களுக்கு இப்போது ஞாபகம் இல்லை. "தானா அமைஞ்சது பாரு" என்று நிஜமாகவே நம்புகிறார்கள். என் வீட்டுக்காரரும் கூடவே இருந்தவர்தான். குழந்தை முகத்தைப் பார்த்ததும் அவருக்கும் அந்த நாள் மறந்துபோயிற்று.

நான் சொன்னால், "பெத்தவளுக்கே புடிக்கல பாரு" என்பார்கள். நீங்கள் சொல்லலாம். நிலாவைப் பெற்றவள் சொன்னால் யார் மறுக்க முடியும்? 25ஆம் தேதி வாருங்கள். எல்லார் முன்னாலும் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். என் மகளுக்குச் சுகிர்தா என்று பெயர் வைக்க ஆசைப்பட்டு எட்டு மாதம் மனசிலேயே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெயரை எனக்கு வாங்கிக் கொடுங்கள்.

சத்யா


ஆரணி
9.1.2026

சத்யா,

கடிதத்தைத் தறிமேட்டில் உட்கார்ந்து படித்தேன். அஷ்டமி என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். ஜெயித்துவிட்டேன் என்று சிரித்தேன். உன் மாமா தறியை நிறுத்திவிட்டு, "இன்னா, ரொம்ப நாள் கழிச்சு சிரிக்கற?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். சொம்பைக் கீழே வைக்கும்போதுதான் எனக்கு விளங்கியது.

நான் குரூப்பை விட்டு வெளியே வந்தேன், உன்னைத் திட்டினேன், காலண்டரை இறக்கினேன். ஆனால் ஒரு நாள்கூட தம்பி சொன்னதை நான் நம்பாமல் இருந்ததில்லை. நம்பினதால்தான் எரிந்தது. பஸ் ஏறினால் சந்தவாசல். அங்கே என் பெண் இருக்கிறாள், வேறொருத்தி மடியில் இருக்கிறாள், பால் குடிக்கிறாள், இந்நேரம் தூங்குவாள். ஒன்றரை மாதமாக உன்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டே நான் அவளோடு இருந்திருக்கிறேன். அது எனக்கே தெரியவில்லை.

இப்போது சந்தவாசலில் அவள் இல்லை. எங்கேயும் இல்லை. போன தையில் மண்ணைப் போட்டபோது எப்படி இருந்ததோ அப்படி இருக்கிறது. அதைவிட மோசம். அன்றைக்கு ஊரே கூட இருந்தது. இன்றைக்கு எனக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும். அவரிடம் சொல்லவில்லை.

உன் பெண்ணுக்கு அவளுக்கென்று ஒரு பெயர் கிடைக்க வேண்டும். அது நியாயம். நீ எழுதியதைப் படித்தபோது, இவளும் என்னை மாதிரிதான் வெந்துகொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. அதற்காக உன்மேல் பிரியம் வந்துவிட்டது என்று நினைக்காதே. உன் மடியில் ஒன்று இருக்கிறது, என் மடியில் இல்லை. அந்த வித்தியாசம் எந்தக் கணக்கிலும் குறையாது.

25ஆம் தேதி வருகிறேன். என்ன பேசுவேன் என்று இப்போது தெரியவில்லை.

ஆதிலட்சுமி


சந்தவாசல்
28.1.2026

அக்கா,

இப்படிச் செய்வீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

நீங்கள் டாக்டர், புதன், அஷ்டமி என்று ஆரம்பிப்பீர்கள் என்றுதான் குழந்தையை வைத்துக்கொண்டு உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை குழந்தையின் காதுகிட்டே குனிந்த நேரத்தில் தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றீர்களே. "நிலா என் பொண்ணு. அந்தப் பேர இந்த வூட்ல எவளுக்கும் வெக்கக் கூடாது. வெச்சா இந்தத் தொட்டில அவுத்துக் கடாசிடுவேன்."

"அவளே திரும்பி வந்துகீறாடி. அவ பேர அவளுக்கு வெக்கறதுக்கு உனக்கு இன்னா வலிக்குது?" என்றார்கள் அத்தை.

"வந்திருந்தா வந்திருக்கட்டும். பேரு என்னுது. குடுக்க மாட்டேன்."

"பேருக்குக்கூடவா பொறாம?"

"ஆமா, பொறாமதான். இப்ப இன்னான்ற?"

என் வீட்டுக்காரர் அடிக்க வருகிற மாதிரி வந்தார். மாமா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். கடைசியில் அத்தை, "எக்கேடோ கெட்டுப் போங்க, உன் இஷ்டத்துக்கு இன்னாவோ வெச்சிக்கோ" என்று என்னிடம் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்கள். சுகிர்தா என்று நானேதான் மூன்று தடவை அவள் காதில் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தபோது நீங்கள் இல்லை. இலைகூடப் போடவில்லையாம், சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டீர்களாம்.

வந்தவர்கள் எல்லாரும் உங்களைத்தான் பேசுகிறார்கள். வாய்க்கு வந்தபடி பேசுகிறார்கள். எனக்குக் கேட்கக் கூசுகிறது. கணக்கைச் சொல்லியிருந்தால் ஒருத்தர் உங்களைக் குறை சொல்லியிருக்க முடியாது. ஏன் சொல்லவில்லை? நான் பிப்ரவரி 8, ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் உட்காரவைத்துச் சொல்லிவிடப்போகிறேன். எனக்குப் பெயர் கிடைத்தது, அதற்காக உங்கள் பெயர் கெட வேண்டாம்.

உங்கள் சத்யா


ஆரணி
3.2.2026

சத்யாவுக்கு,

இந்தக் கடிதம் ஞாயிற்றுக்கிழமைக்குள் உனக்கு வந்துவிட வேண்டும் என்று தபாலாபீஸுக்கே போய்ப் போடுகிறேன். எதையும் சொல்லாதே.

நான் வீட்டை விட்டுக் கிளம்பும்போது சொல்லத்தான் கிளம்பினேன். பஸ்ஸில் உன் மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். மடியில் ஒரு சின்னப் பை. உள்ளே வெள்ளிக் கொலுசு, குழந்தைக்கு வாங்கியது. என்னிடம் காட்டப் பயந்து கையால் மூடி மூடி வைத்துக்கொண்டு வந்தார். ஒரு வருடமாக மனுஷர் எதையும் ஆசையாக வாங்கி நான் பார்க்கவில்லை. இவரிடம் போய், அது நிலா இல்லை, டாக்டர் வருகிற கிழமை, அஷ்டமி தள்ளிய நாள் என்று எப்படிச் சொல்வேன்? எனக்கு ஆனது போதும். சொம்பைக் கீழே வைக்கும்போது எனக்கு என்ன ஆனதோ அது அவருக்கும் ஆக வேண்டுமா? அத்தைக்கும் ஆக வேண்டுமா?

அதனால் அவர்களுக்கு அவள் உன் வீட்டிலேயே இருக்கட்டும். வேறு பெயரில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். குழந்தை வளர்ந்து, வாயாடி, அடம் பிடித்து, தான் யார் என்று தானே காட்டிக்கொள்வாள். அப்போது கொஞ்சம் கொஞ்சமாக மறப்பார்கள். ஒரே நாளில் வேண்டாம்.

என் பெயர் கெட்டது என்று நீ வருத்தப்படாதே. அங்கே நான் நடித்ததாக நினைத்துக்கொண்டு எனக்குப் புண்ணியம் எழுதி வைக்காதே. தொட்டில் கயிற்றைப் பிடித்தபோது உன் குழந்தை என்னைப் பார்த்தது. நிலா மாதிரி இல்லவே இல்லை. உன் மூக்கு, உன் நெற்றி. அதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது. அவிழ்த்துக் கடாசிவிடுவேன் என்றது வெறும் வாய்ப்பேச்சு இல்லை, சத்யா. பொறாமைதான் என்று அத்தையிடம் சொன்னது உண்மை. அன்றைக்கு அந்த வீட்டில் நான் சொன்னதிலேயே அது ஒன்றுதான் முழு உண்மை.

இவர் ஞாயிற்றுக்கிழமை வருவார். குழந்தையைத் தோளில் கொடு. நான் எழுதியதை மனசில் வைத்துக்கொள்ளாதே. என்னை மட்டும் கூப்பிடாதே. சுகிர்தா என்று நான் இன்னும் ஒரு தடவைகூடச் சொல்லிப் பார்க்கவில்லை. வாய் வரவில்லை. வரும்போது வரும்.

நிலா என்ற பெயர் இனி என் வீட்டில் இருக்கும். நேற்று விளக்கு வைத்ததும் ஒரு தடவை கூப்பிட்டேன். உன் மாமா தறியை நிறுத்தினார். பிறகு அவர் நெய்ய ஆரம்பித்தார்.

ஆதிலட்சுமி